அரபு அரசர்களின் வரிசையைக் குழம்பாமல் படிப்பது எப்படி? ஒரே ஒரு கல்வெட்டிலிருந்து தொடங்குங்கள்

இஸ்லாத்துக்கு முந்தைய அரபு அரசர்களைப் பற்றிப் படிக்க உட்காருகிற பலரும் முதல் வாரத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். காரணம் பெயர்கள்தான். ஹாரிஸ், முன்திர், நுஃமான், அம்ர், இம்ருல் கைஸ் என்று ஒரு கை விரல்களில் அடங்கிவிடும் பெயர்கள், ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு முந்நூறு வருடம் ஆண்டிருக்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். கிபி 580களில் ‘முன்திரின் மகன் நுஃமான்’ என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரியாவில் ரோமப் பேரரசின் பக்கம் இருந்த கஸ்ஸானியர், இன்னொருவர் இராக்கில் பாரசீகத்தின் பக்கம் இருந்த ஹீரா அரசர். தகப்பன் பெயரும் ஒன்று, காலமும் ஒன்று, இருந்தது மட்டும் எதிரெதிர் முகாமில். இவர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய முயன்றால் கட்டாயம் குழம்பும்.

அதனால் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நான் பரிந்துரைப்பது வேறு வழி: முதலில் தேதி உள்ள கற்கள், பிறகு அந்தக் கற்களைச் சுற்றி மனிதர்கள், கடைசியில்தான் பிற்காலத்து வரலாற்று ஆசிரியர்கள் தந்த அரசர் பட்டியல்கள். பெரும்பாலான அறிமுக நூல்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு பெரிய தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கணினியில் அட்டவணை போட்டாலும் சரி. இடமிருந்து வலமாக கிபி 300 முதல் 750 வரை காலம். மேலே ஒரு மெல்லிய வரியில் ரோமப் பேரரசர்களும் பாரசீக சாசானிய அரசர்களும். அதற்குக் கீழே ஐந்து வரிகள்: வடமேற்கு (சிரியா, ஜோர்டான்), வடகிழக்கு (இராக்கின் ஹீரா), நடு அரேபியா (நஜ்து), ஹிஜாஸ் (மக்கா, பின்னால் மதீனா ஆன யஸ்ரிப்), தெற்கு (யமன்). ஹிஜாஸ் வரியில் இப்போது எதுவும் எழுத வேண்டாம். அங்கே அரசர் என்று சொல்லும்படி யாரும் இல்லை, குலத் தலைவர்கள்தான். சுற்றிலும் அரசர்கள் நெரிசலாக இருக்க நடுவில் ஒரு வரி மட்டும் 622 வரை வெறுமையாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாலே பின்னால் நடந்தவற்றில் பாதி புரியும்.

அடுத்து ஆண்டுக் கணக்கு. சக ஆண்டோடு 78 கூட்டி கிபி ஆண்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி, இங்கேயும் மூன்று நான்கு கணக்குகள் தெரிந்திருந்தால் போதும். சிரியாவின் தெற்கிலும் ஜோர்டானிலும் பொஸ்ரா ஆண்டு. ரோமர்கள் நபாத்திய அரசை விழுங்கிய கிபி 106இல் தொடங்குகிறது, அதனால் 105 கூட்டுங்கள். யமனில் ஹிம்யர் ஆண்டு, அதிலிருந்து 110 கழியுங்கள். சிரியாவின் வடக்கில் கிரேக்க ஆண்டு, அதிலிருந்து 311 கழிக்க வேண்டும். ஹிஜ்ரி சந்திர ஆண்டு என்பதால் வெறுமனே 622 கூட்டினால் தப்பாகிவிடும், 0.97ஆல் பெருக்கிவிட்டு 622 கூட்டுங்கள். ஹிஜ்ரி 72 என்றால் ஏறத்தாழ 69.8, அதோடு 622 சேர்த்தால் 691 முடிந்து 692 தொடங்கும் நேரம். ஜெருசலேமில் உமையா கலீபா அப்துல் மலிக் கட்டிய குப்பத்துஸ் ஸக்ராவில் (பாறைக் குவிமாடம்) எழுதியிருக்கிற ஆண்டு அதுதான். இவை எல்லாவற்றிலும் ஒரு வருடம் முன்பின் ஆகலாம், ஏனென்றால் வருடப் பிறப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு மாதத்தில் வருகிறது. வரைபடம் போடுவதற்கு அந்த அளவு துல்லியம் போதும்.

சரி, இப்போது கல்லுக்கு வருவோம். பலர் கிபி 328ஆம் ஆண்டு நமாரா கல்வெட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது முக்கியமானதுதான், சந்தேகமே இல்லை. சிரியாவின் தெற்கில் கிடைத்தது, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அம்ரின் மகன் இம்ருல் கைஸ் என்பவரை ‘அரபுகள் அனைவரின் அரசர்’ என்று சொல்கிறது. நபாத்திய எழுத்து, அரபு மொழி, பொஸ்ரா ஆண்டு 223. ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் வெகுதூரத்துக்கு வேறு கல் இல்லாததால் அங்கிருந்து தொடங்குகிறவர் தனியாக நின்றுவிடுவார். அதைத் தாளின் இடது ஓரத்தில் குறித்து வைத்துவிட்டு நேராக யமனுக்கு, மாரிப் அணைக்கு வாருங்கள்.

சபா நாட்டின் அந்தப் பழைய அணை ஆறாம் நூற்றாண்டில் உடைந்தபோது அதைச் சரிசெய்தவர் அப்ரஹா, முஸ்லிம் வாசகர்களுக்கு மக்காவின் மேல் யானைப் படையோடு வந்தவராகத் தெரிந்த அதே அப்ரஹா. அந்த வேலையைப் பற்றி அவர் எழுதி வைத்த நீண்ட கல்வெட்டு கிபி 547–548ஐச் சேர்ந்தது. அதில் ஓரிடத்தில் தன்னிடம் வந்த தூதர்களை வரிசையாகச் சொல்கிறார்: அபிசீனியாவின் (எத்தியோப்பியா) அரசரான நஜ்ஜாஷி, ரோம அரசர், பாரசீக அரசர், முன்திர், ஜபலாவின் மகன் ஹாரிஸ், ஜபலாவின் மகன் அபூ கரிப். ஒரே வருடம், ஒரே கல், அந்தக் காலத்து அரபு உலகின் அதிகாரம் மொத்தமும் அதில் இருக்கிறது! என் பார்வையில் இந்தத் துறைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

உங்கள் தாளில் 547–548க்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு போடுங்கள். மேல் வரியில் ரோமப் பேரரசில் ஜஸ்டினியன், பாரசீகத்தில் முதலாம் குஸ்ரு அனூஷிர்வான். வடமேற்கில் ஹாரிஸ் பின் ஜபலா (அரபியில் ‘பின்’ என்றால் மகன்), கஸ்ஸானியர். வடகிழக்கில் ஹீராவின் மூன்றாம் முன்திர். தெற்கில் அப்ரஹா. இனி இந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் மெல்ல நகர வேண்டியதுதான்.

முன்திரிலிருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் மற்ற எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அவரோடு மோதியவர்கள். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹீராவில் அமர்ந்து 554இல் போர்க்களத்தில் சாகிற வரைக்கும் ரோம எல்லையைச் சூறையாடிக்கொண்டே இருந்தவர். ரோமர்களை ஐம்பது வருடம் மண்டியிட வைத்தவர் என்று எழுதியது எதிரிப் பக்கத்து வரலாற்றாசிரியரான ப்ரோகோபியஸ். இவருக்குத் தனி ஆளாக ஈடு கொடுக்க அரபுகளிலேயே ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் ஜஸ்டினியன் ஹாரிஸ் பின் ஜபலாவைப் பல குலங்களுக்கு மேல் தலைவராக்கி அரசர் பட்டமும் கொடுத்தார். அது 528–529 வாக்கில். இதற்கும் கல் சாட்சி உண்டு: சிரியாவின் ஜபல் உஸைஸில், ஹாரிஸ் அரசர் தன்னை அங்கே காவலுக்கு அனுப்பியதாக ஒருவர் பாறையில் அரபியிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், பொஸ்ரா ஆண்டு 423. கூட்டிப் பாருங்கள், 528 வரும். பேரரசின் தலைநகரில் உட்கார்ந்து ப்ரோகோபியஸ் எழுதியதும் பாலைவனத்துக் காவலாளி பாறையில் எழுதியதும் ஒத்துப்போகிற இடம் அது. இப்படி ஒரு இடம் கிடைத்தால் அதைத் தடித்த பேனாவால் குறியுங்கள்.

இந்த இருவரின் பகையில் அரசியலோடு குடும்ப வலியும் கலந்திருந்தது. ஹாரிஸின் மகன் ஒருவரைப் பிடித்து முன்திர் தன் தெய்வத்துக்குப் பலி கொடுத்தார் என்கிறார் ப்ரோகோபியஸ். 554இல் ஹாரிஸ் முன்திரை வென்று கொன்றார். 563இல் தனக்குப் பிறகு யார் என்பதைப் பேச ஹாரிஸே கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனார், 569இல் இறந்தார். அவர் மகனுக்கு என்ன பெயர் தெரியுமா? முன்திர். ஆம், கொன்ற எதிரியின் அதே பெயர். இங்கேதான் வாசகர்கள் வழுக்கி விழுகிறார்கள். தாளில் எழுதும்போது இவர்களை வெறும் பெயரால் எழுதவே கூடாது, ‘ஹீரா முன்திர்’, ‘கஸ்ஸான் முன்திர்’ என்று ஊரையோ குலத்தையோ முன்னால் ஒட்டி எழுதுங்கள். கிரேக்க மூலங்களிலிருந்து வந்த நூல்களைப் படித்தால் ஹாரிஸ் ‘அரேதாஸ்’ ஆகவும் முன்திர் ‘அலமுந்தாரஸ்’ ஆகவும் தென்படுவார்கள், அவையும் அதே ஆட்கள்தான். அந்தப் பெயர்களையும் பக்கத்தில் எழுதி வைத்தால் ஒரே மனிதரை இரண்டு பேராக எண்ணமாட்டீர்கள்.

வேறு ஒரு தந்திரமும் இருக்கிறது. தாய்மாரைப் பாருங்கள். ஹீரா அரசர்களில் பலர் தாயின் பெயராலேயே அறியப்படுகிறார்கள். மூன்றாம் முன்திரை அரபு மரபு ‘மாவுஸ் ஸமாவின் மகன்’ என்கிறது, அவருக்குப் பின் வந்த அம்ர் ‘ஹிந்தின் மகன்’. இந்த ஹிந்த் சாதாரணப் பெண் இல்லை, நடு அரேபியாவின் கிந்தா அரச குலத்து ஹாரிஸின் மகள். ஹீராவில் ஒரு கிறிஸ்தவ மடம் கட்டி, அதில் தன்னை அரசர்களின் மகள் என்றும் அம்ர் அரசரின் தாய் என்றும் எழுதி வைத்தார், குஸ்ரு அனூஷிர்வானின் ஆட்சியையும் குறிப்பிட்டார். கல் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனால் பிற்காலப் புவியியலாளர் யாகூத் அதன் வாசகத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். ஒரே வாசகத்தில் ஹீரா வரியும் கிந்தா வரியும் பாரசீக வரியும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஆண்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த முடிச்சு கண்ணில் படவே படாது.

கிந்தாவை நான் கடைசியாகத்தான் சேர்ப்பேன். நடு வரியில் கொஞ்ச காலம் பெரிதாக எழுந்து, ஹிந்தின் தகப்பன் ஹாரிஸ் ஒரு கட்டத்தில் ஹீராவையே கைப்பற்றி, பிறகு 528இல் கொல்லப்பட்டு, சிதறிப்போன குலம். அந்த ஹாரிஸின் பேரன்தான் கவிஞர் இம்ருல் கைஸ், இழந்த அரசைத் தேடி அலைந்தவராக அரபு மரபு நினைவில் வைத்திருப்பவர். நமாரா கல்லில் உள்ள இம்ருல் கைஸுக்கும் இவருக்கும் நடுவே இருநூறு வருடம். இரண்டு பேரையும் ஒன்றாக்கி எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பதிவை அதோடு விட்டுவிடுங்கள்.

தெற்கு வரிக்கு வந்தால், அப்ரஹாவிலிருந்து பின்னால் போக வேண்டும். ஹிம்யர் அரசு மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சபாவை விழுங்கியது, நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய தெய்வங்களைக் கைவிட்டு ஒரே இறைவனை வணங்கத் தொடங்கியது, அரச குடும்பம் யூத சமயத்தின் பக்கம் சாய்ந்தது. 523இல் யூசுஃப், அரபு மரபு தூ நுவாஸ் என்று அழைப்பவர், நஜ்ரானின் கிறிஸ்தவர்களைக் கொன்றார். அந்தப் படையெடுப்பைப் பற்றி அவருடைய தளபதி பாறையில் எழுதியதில் ஹிம்யர் ஆண்டு 633 இருக்கிறது. இதற்குப் பதிலடியாக அபிசீனிய அரசர் காலேப் கடல் கடந்து வந்து 525 வாக்கில் யமனைப் பிடித்தார். அந்தப் படையோடு வந்தவர்களிலிருந்து எழுந்தவர் அப்ரஹா. நஜ்ரானில் கொல்லப்பட்டவர்களின் தலைவர் பெயரும் ஹாரிஸ்தான், ஆக 520களில் மட்டும் மூன்று ஹாரிஸ்கள் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

அப்ரஹாவின் இன்னொரு கல்வெட்டு முரைகானில் இருக்கிறது, ஹிம்யர் ஆண்டு 662, அதாவது கிபி 552. நடு அரேபியாவில் மஅத் குலங்கள் மேல் படையெடுத்ததைச் சொல்கிறது, முன்திரின் மகன் அம்ர் பிணைக்கைதிகள் கொடுத்துச் சமாதானம் ஆனதையும் சொல்கிறது. நாம் மேலே பார்த்த அதே ‘ஹிந்தின் மகன் அம்ர்’. யமன் கல் ஹீராவின் வாரிசைக் காட்டிக்கொடுக்கிற அழகைப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கமான விஷயம். யானை வருடத்தை முஸ்லிம் மரபு நபியவர்கள் பிறந்த ஆண்டாகச் சொல்லும், வழக்கமாக கிபி 570 என்று கணக்கிடுவார்கள். 552ஆம் ஆண்டுக் கல்வெட்டில் மக்காவும் இல்லை, யானையும் இல்லை. இரண்டையும் ஒரே படையெடுப்பு என்று இழுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு, ஒன்றை வைத்து இன்னொன்றை மறுக்கிறவர்களும் உண்டு. வரைபடம் போடுகிறவருக்கு இரண்டுமே தேவையில்லாத அவசரம். கல் சொல்வதை ஒரு நிறத்திலும் மரபு சொல்வதை வேறு நிறத்திலும் எழுதி அப்படியே விடுங்கள். இந்த இரண்டு நிற வழக்கத்தைத் தாள் முழுக்கவும் கடைப்பிடித்தால் நல்லது, மரபை மதிக்கிறவருக்கும் ஆராய்ச்சியைப் பின்பற்றுகிறவருக்கும் அது நேர்மையான வழி.

இப்போதுதான் பட்டியல்களை எடுக்கும் நேரம். ஹீரா அரசர்களின் வரிசைக்கு நமக்குள்ள பெரிய ஆதாரம் ஹிஷாம் இப்னு அல்கல்பி, அவர் சொன்னதை எடுத்தாண்ட தபரி. இப்னு அல்கல்பி ஹீராவின் தேவாலயங்களில் இருந்த ஏடுகளைப் பார்த்து எழுதியதாகச் சொல்வதால் அவர் வரிசைக்குக் கொஞ்சம் கனம் உண்டு. கஸ்ஸானியர் பட்டியல்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. உங்கள் தாளில் ஏற்கெனவே கற்கள் இருப்பதால் பட்டியலில் எது பொருந்துகிறது, எது தொங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். பொருந்தாததை அழிக்க வேண்டாம், ஓரத்தில் கேள்விக்குறியோடு வையுங்கள்.

மேல் வரியை மறக்காதீர்கள். இந்த அரசர்கள் எப்படி முடிந்தார்கள் என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கஸ்ஸான் முன்திரை 581 வாக்கில் ரோமர்களே ஹுவ்வாரீனில் பிடித்து, கடைசியில் சிசிலிக்கு நாடுகடத்தினார்கள். அவர் மகன் நுஃமான் கிளர்ந்தெழுந்து அவரும் பிடிபட்டார். எதிர்ப்பக்கம் ஹீராவின் நுஃமானை 602இல் இரண்டாம் குஸ்ரு கொன்றார். ஆக இரண்டு பேரரசுகளும் தங்கள் பாலைவன எல்லையைக் காத்துவந்தவர்களைத் தாங்களே ஒழித்துவிட்டு, 602க்குப் பிறகு கால் நூற்றாண்டு ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. தூ கார் என்ற இடத்தில் அரபுக் குலங்கள் பாரசீகப் படையை வென்றது இந்த இடைவெளியில்தான். 633இல் காலித் பின் வலீத் வந்தபோது ஹீரா கப்பம் கட்ட ஒப்புக்கொண்டு சரணடைந்தது, 636இல் யர்மூக்கில் கஸ்ஸானியரின் கடைசித் தலைவர் ஜபலா பின் அய்ஹம் ரோமர் பக்கம் நின்று தோற்றார்.

622இல் இத்தனை நேரம் வெறுமையாக இருந்த ஹிஜாஸ் வரியில் முதல் எழுத்தைப் போடுங்கள். மதீனா, நபியவர்கள் மக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஊர். அவருக்குப் பின் வந்த கலீபாக்கள்: 632 முதல் அபூபக்ர், 634 உமர், 644 உஸ்மான், 656 அலீ, 661 வரை. இவர்களை அரசர் வரிசையில் சேர்க்காதீர்கள், வாரிசு முறையில் வந்தவர்கள் அல்ல. அப்புறம் கோடு வடமேற்கு வரிக்கு ஏறுகிறது, டமாஸ்கஸுக்கு, உமையா குலத்து முஆவியாவிடம். இந்த ஏற்றத்தைப் பலரும் முழுமையான புதுத் தொடக்கமாக எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர்களைப் பாருங்கள். கஸ்ஸானியரின் பெரிய முகாமாக இருந்த ஜாபியாவில்தான் 684இல் கூடி மர்வானைக் கலீபாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். கஸ்ஸான் முன்திர் பிடிபட்ட ஹுவ்வாரீனில்தான் 683இல் முஆவியாவின் மகன் யஸீத் இறந்தார். அதே முன்திர் கிரேக்க எழுத்தில் தன் பெயரைப் பொறித்துக் கட்டடம் எழுப்பிய ருஸாஃபாவில்தான் பின்னாளில் கலீபா ஹிஷாம் வசித்தார். இராக்கில் கூஃபா எழுந்தது ஹீராவின் பக்கத்திலேயே. அதனால் தாளில் ஊர் பெயருக்கென்று ஒரு இடம் ஒதுக்குங்கள், வம்சம் மாறினாலும் ஊர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

முஆவியாவுக்கும் தேதியுள்ள கல் இருக்கிறது. கலிலேயக் கடலுக்குத் தெற்கே ஹம்மத் காதர் வெந்நீர்க் குளியலகத்தைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு. சிலுவைக் குறியோடு தொடங்கி, ‘அப்தல்லா முஆவியா, அமீருல் முஃமினீன்’ என்று அரபுப் பட்டத்தைக் கிரேக்க எழுத்தில் எழுதி, நகரத்தின் ஆண்டு 726 என்றும் அரபுகளின் ஆண்டு 42 என்றும் குறிக்கிறது. மேலே சொன்ன ஹிஜ்ரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 662இன் கடைசி வரும். உங்கள் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

உமையா வரிசையை வரையும்போது ஒரே நேர்க்கோடாகப் போட்டுவிடாதீர்கள். முஆவியா, அவர் மகன் யஸீத், அவர் மகன் இரண்டாம் முஆவியா என்று 684இல் ஒரு கிளை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு 750 வரை ஆண்டவர்கள் மர்வானும் அவர் வழி வந்தவர்களும். இடையில் 683 முதல் 692 வரை மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் கலீபாவாக ஏற்கப்பட்டிருந்தார், அவரை ஹிஜாஸ் வரியில் இணையாக எழுதுங்கள், அடிக்குறிப்பில் தள்ளிவிடாதீர்கள். மர்வானின் மகன் அப்துல் மலிக்குக்குக் கீழே வலீத், ஸுலைமான், இரண்டாம் யஸீத், ஹிஷாம் என்று நான்கு மகன்களையும் பக்கவாட்டில் எழுதி, ஸுலைமானுக்கும் யஸீதுக்கும் நடுவில் 717 முதல் 720 வரை அவர்களின் சித்தப்பா மகன் உமர் பின் அப்துல் அஸீஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 750இல் அப்பாசியர் வருகிறார்கள், தாளின் வலது ஓரமும் அங்கே முடிகிறது. தப்பிப் போய் 756இல் கோர்டோபாவில் ஆட்சி அமைத்த ஹிஷாமின் பேரன் அப்துர் ரஹ்மானுக்கு ஒரு அம்புக்குறி மட்டும் போட்டுவிட்டு, ஸ்பெயினுக்கு வேறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.